பனியன் சட்டையில் படம் பதித்தல்

குடும்ப விழாக்களிலும் சுற்றுலாக்களிலும் சிறியோரும் பெரியோரும் ஒரே வண்ணப் பனியன் சட்டை அணிந்து, மார்பிலே ஒரு படமோ வாசகமோ விளங்க வருவதை இப்போது எங்கும் காண்கிறோம். டி-ஷர்ட் என வழங்கும் இவ்வுடை 1913-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையினருக்கு உள்ளாடையாக அளிக்கப்பெற்றது. 1970-களில் அந்நாட்டுக் கடைவீதிகளில், வாடிக்கையாளர் தெரிந்தெடுத்த படத்தைச் சூடான அழுத்துபொறியால் சட்டையிற் பதித்துக் கொடுக்கும் வழக்கம் பரவிற்று. கணினியும் பிரிண்டரும் வீடுகளுக்குள் வந்தபின், அதே வேலையை இஸ்திரிப் பெட்டி கொண்டு நாமே செய்தற்குரிய டிரான்ஸ்பர் தாள்களும் கடைக்கு வந்துவிட்டன.

ஐம்பது சட்டை வேண்டுவோர் அச்சுக்கூடத்துக்கே செல்வது நலம். ஆனால் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் வண்ணத்துக்கொரு திரை கட்ட வேண்டியிருப்பதால், ஐந்தாறு சட்டைகளுக்கு அது கட்டுபடியாகாது. வீட்டு முறை அத்தகைய குடும்பங்களுக்கே ஏற்றது. எனினும், எண்ணி வாங்கிய சட்டைகளில் ஒன்று பாழானால் ஒரு பிள்ளை வெறுஞ்சட்டையோடு நிற்க நேரும்.

டிரான்ஸ்பர் தாளின் ஒரு பக்கத்தில் உருகும் இயல்புடைய மெல்லிய படலம் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. அப்படலத்தின்மேல் அச்சாகும் படம், சூட்டினாலும் அழுத்தத்தினாலும் படலத்தோடு சேர்ந்து துணியின் இழைகளைப் பற்றிக்கொள்கிறது. இதனை நன்கு விளங்கிக்கொண்டால், செய்யவேண்டுவதும் தவிர்க்கவேண்டுவதும் தாமே புலப்படும். இங்க்ஜெட் பிரிண்டருக்கென விற்கும் தாளை லேசர் பிரிண்டரில் இடலாகாது என்பதும் இதனாலேயே. லேசர் பிரிண்டரின் உட்புறம் மிகுந்த சூடுடையது. படலம் அங்கேயே உருகி, பிரிண்டரையும் கெடுத்துவிடும்.

தாள்களில் வெளிர்நிறச் சட்டைக்குரியன, கருநிறச் சட்டைக்குரியன என இருவகை உண்டு. முன்னதன் படலம் ஒளி ஊடுருவுவது. வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை இல்லையாதலால், படத்தில் வெண்மையான இடமெல்லாம் துணியின் நிறத்தையே காட்டும். மஞ்சள் சட்டையில் வெண்புறா மஞ்சட்புறா ஆகிவிடும்! கருநிறச் சட்டைக்குரிய தாளோ தானே வெண்ணிறப் படலம் உடையது. அதனை உரித்தெடுத்து, படம் மேல்நோக்க வைத்துத் தேய்க்க வேண்டும்.

வெளிர்நிறத் தாளைப் படம் கீழ்நோக்கக் கவிழ்த்துத் தேய்ப்பதால், அச்சிடும்போதே படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சிடல் வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். நாமறிந்த ஒரு குடும்பத்துப் பேரப்பிள்ளைகள், தம் பாட்டியாரின் எண்பதாம் பிறந்தநாளுக்கென அவருடைய புகைப்படத்தைத் தம் சட்டைகளில் பதிக்க முனைந்தனர். எழுத்து ஒன்றும் இல்லாமையால் படம் திரும்பியிருப்பதை எவரும் கவனிக்கவில்லை. முதற் சட்டையைக் கண்ட பாட்டியார், தம் முந்தானை வலத்தோளில் கிடப்பதைச் சுட்டிக்காட்டி, "என்னடா, என்னைக் குஜராத்திக்காரி ஆக்கிவிட்டீர்களே!" என்றாராம்.

எஞ்சிய சட்டைகளுக்குப் பிள்ளைகள் வேறு வழி கண்டனர். ஒவ்வொருவர் பெயரையும் பாட்டியாரையே ஒரு வெள்ளைத் தாளில் எழுதச் செய்து, அவ்வெழுத்தைப் படமாக்கிப் பதித்தனர். கை நடுங்கி எழுதிய அவ்வெழுத்தில் கொம்பும் காலும் சற்றே கோணியிருந்தன. அதை நேராக்கித் தரலாம் என்று கணினி அறிந்த ஒருவர் சொல்ல, பிள்ளைகள் மறுத்துவிட்டனர். அது செவ்வையான முடிவு என்றே நாம் கருதுகிறோம். அடுத்த ஆண்டு பாட்டியார் காலமானார். சட்டைகளிலோ எழுத்து வெடித்து உதிரத் தொடங்கிவிட்டது. படலம் சலவைக்குச் சலவை தேய்வது, பல்லாண்டு நில்லாது. நல்ல வேளையாக, அவர் எழுதிய தாளை வீட்டார் பத்திரமாக வைத்திருந்தனர். அவ்வாறு ஒன்றைச் செய்வோர் மூலத்தை எறிந்துவிடாதிருக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இனித் தேய்க்கும் முறை. பருத்திச் சட்டையே சிறந்தது. விளையாட்டுக் குழுக்களின் வழுவழுப்பான பாலியெஸ்டர் சட்டைகள் இச்சூட்டைத் தாங்கா. இஸ்திரிப் பெட்டியில் மூன்று புள்ளி இட்ட அளவு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். அது பருத்திக்கு உரியது. இரு புள்ளி 150, ஒரு புள்ளி 110. புதுச் சட்டையை ஒருமுறை துவைத்துக் காயவைத்தால் கஞ்சியும் நீங்கும், சுருங்குவதும் முன்னரே சுருங்கிவிடும். மெத்தென்ற விரிப்பு அழுத்தத்தை விழுங்கிவிடுமாதலால், வழுவழுப்பான மரப்பலகையின்மேல் ஒரு தலையணை உறையை மட்டும் விரித்தல் போதும். நீராவி வேண்டவே வேண்டாம். நீராவிப் பெட்டியின் அடியிலுள்ள துளைகளுக்கு நேரே சூடு படாதாகையால், இடம் மாற்றி மாற்றி அழுத்துக. பனியன் துணி இழுபடுவது. ஆகவே உடலின் பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டுமேயன்றி, முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்கலாகாது. தெருமுனைச் சலவைக்காரரின் கரிப்பெட்டி கனத்தாலும் துளையின்மையாலும் இதற்கு உகந்ததுபோல் தோன்றும். ஆனால் அதன் சூட்டை அளவிட வழியில்லை.

எவ்வளவு நேரம் அழுத்துவது, சூட்டோடு உரிப்பதா ஆறியபின் உரிப்பதா என்பன தாளுக்குத் தாள் வேறுபடும். உறையிலுள்ள குறிப்பையே பின்பற்றுக. ஓரங்களிலேயே படம் முதலில் கிளம்புமாதலால், அங்கே கூடுதலாக அழுத்துக. உரிக்கும்போது ஒரு மூலை தாளோடு எழுந்தால், உடனே மீண்டும் படியவைத்துச் சூடு காட்டுக. படத்தைச் சுற்றியுள்ள வெற்றுத்தாளை முன்னதாகவே நெருக்கமாக வெட்டிவிட்டால், பளபளக்கும் விளிம்பு தெரியாது. சூடான பெட்டி பெரியோர் கையிலேயே இருக்கட்டும்; படம் வரைவதும் வெட்டுவதும் பிள்ளைகளுக்குப் போதிய வேலை.

நடிகர், கார்ட்டூன் பாத்திரங்கள் ஆகியோரின் படங்களைப் பதித்து விற்பது உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்யத்தக்கதன்று. திருவுருவங்களைப் பதிக்கலாமா என்று எம்மிடம் வினவுவோர் உளர். நம் வீடுகளில் பழைய பனியனின் கதி யாதென்று அவர்களே அறிவர்: அடுப்பங்கரைத் துணி, பின் மிதியடி. அவ்விடத்துக்குச் செல்லக்கூடிய ஒன்றில் அன்னையின் படத்தை இடவேண்டாம் என்பதே நமது மறுமொழி. ஊர்ப்பெயரோ ஆண்டோ இடுக.

பதித்த சட்டையை ஒருநாள் கழித்தே நனைக்க வேண்டும். உட்புறம் வெளியே வரத் திருப்பி, குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்துக. வெளுப்பானும் கல்லில் அடிப்பதும் ஆகா. பின்னர் இஸ்திரி போடுவதும் உட்புறத்திலேதான், படத்தின்மேல் அன்று. தாளில் மீந்த துண்டுகளைச் சிறு பூவாகவோ எழுத்தாகவோ வெட்டி, ஒரு பழைய தலையணை உறையில் முதலில் பதித்துப் பார்த்துவிட்டால், சட்டையில் கைவைக்கும்போது நடுக்கம் இராது.