பழைய விசைப்படகைத் தேர்ந்தெடுத்தல்

மினசோட்டா போன்ற ஏரிகள் நிறைந்த அமெரிக்க மாநிலங்களில் பழைய விசைப்படகு வாங்க முற்படும் குடும்பம், வண்ணப் பளபளப்பில் மயங்குவதற்கு முன், சுழலி எங்கே அமைந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு இயந்திரமும், இயந்திரம் உள்ளேயும் சுழலி வெளியேயும் அமைந்த ஸ்டெர்ன்டிரைவும் கயிற்றைப் பிடித்து விளையாடும் நீர்ச்சறுக்குக்குப் போதுமானவை. ஆயினும், படகை ஒட்டி எழும் அலையிலேயே சறுக்கும் வேக்சர்ஃபிங்கிற்கு, சுழலி பின்புறம் துருத்தி நிற்கும் இத்தகைய படகுகள் ஆபத்தானவை என்பதால், சுழலி படகின் அடியில் அமைந்த இன்போர்டு வகையே ஏற்றது.

கண்ணாடியிழைப் படகு அழுகாது என்பது பாதி உண்மைதான். பழைய படகுகள் பலவற்றில் பின்பலகையும் தளமும் கண்ணாடியிழைக்குள் பொதிந்த ஒட்டுப்பலகையால் ஆனவை. ஒரு திருகாணித் துளை வழியே கசியும் நீரே அப்பலகையை உள்ளிருந்து இற்றுப்போகச் செய்துவிடும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கையில் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் இடம் ஐயத்திற்குரியது. குளிர்காலத்திற்கு முன் நீர் வடிக்கப்படாத இயந்திரத்தில், உறைந்து விரியும் நீர் வார்ப்பிரும்பையே பிளந்துவிடும் என்பதால், அங்கும் விரிசல் தேட வேண்டும்.

பின்பலகையின் வலப்புறம் பொறிக்கப்பட்ட எழுத்துகளும் இலக்கங்களுமாக 12 குறிகள் கொண்ட அடையாள எண்ணில், 1984க்குப் பிந்தைய படகாயின், கடைசி இரண்டு இலக்கங்கள் மாதிரி ஆண்டைக் காட்டும். அது பதிவு ஆவணத்தோடு பொருந்த வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைக்காத இயந்திரத்தை முடுக்கி, குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு நீரில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.