சாயம் போனது; மவுசு வந்தது!

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களுக்குப் போனால், வலை இழுக்கும் ஆண்களின் இடுப்பில் கைலியைப் பார்க்கலாம். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய கைலி. நீலக் கட்டம், சிவப்புக் கோடு. உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து சாயம் மங்கியிருக்கும்.

யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் இதே மாதிரிக் கட்டம் போட்ட துணிக்காக, அமெரிக்காவில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பைத்தியமாக அலைந்த காலம் ஒன்று உண்டு. அதுவும் எப்படிப்பட்ட துணி? துவைத்தால் சாயம் போகிற துணி! சாயம் போகாவிட்டால் அது அசல் இல்லை என்றார்கள்.

1960-ம் ஆண்டுகளில் நடந்த வேடிக்கை இது.

ஊர்ப் பெயரே துணிப் பெயர்

முதலில் பழவேற்காட்டின் பழைய பெருமையைக் கொஞ்சம் பார்ப்போம்.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். 'கெல்டிரியா கோட்டை' என்று பெயர். அவர்கள் தேடி வந்தது மீனை அல்ல, துணியை! சுற்று வட்டாரத் தறிகளில் நெய்த பருத்தித் துணியைக் கப்பலில் ஏற்றிக் கிழக்கே கொண்டு போனார்கள். அங்கே அதைக் கொடுத்து மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்கினார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்களும் இந்தத் துணியோடு கடல் கடந்தார்கள்.

துணி போன இடமெல்லாம் ஊர்ப் பெயரும் கூடவே போனது. வெள்ளைக்காரர் வாயில் பழவேற்காடு 'புலிகாட்' ஆகியிருந்தது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிகாட்' என்று பெயர். பூமிப் பந்தின் மறுபக்கம் இருக்கும் மெக்சிகோவில், கழுத்தில் கட்டும் சிவப்புக் கைக்குட்டையைப் 'பாலியகாத்தே' என்கிறார்கள். அதுவும் நம் பழவேற்காடுதான் என்று சொல்வார்கள்!

ஆப்பிரிக்காவிலும் இதற்குக் கிராக்கி இருந்தது. நைஜீரியாவின் கலபாரி மக்களுக்கு இது மங்கலத் துணி. பிள்ளை பிறந்தாலும் வேண்டும். சாவு விழுந்தாலும் வேண்டும்.

ஒரு கஜம் ஒரு டாலர்

இனி அமெரிக்கக் கதைக்கு வருவோம்.

1958-ம் வருஷம். வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி வியாபாரி சென்னைக்கு வந்தார். கேப்டன் கிருஷ்ணன் நாயர் என்ற ஏற்றுமதியாளரைச் சந்தித்தார். இந்த நாயர்தான் பிற்காலத்தில் 'லீலா' ஓட்டல்களைக் கட்டியவர். கண்ணூர்க்காரர்.

நாயர் காட்டிய கைத்தறிக் கட்டத் துணி ஜேக்கப்சனுக்குப் பிடித்துவிட்டது. கஜம் ஒரு டாலர் என்று விலை பேசினார்கள். நாயர் ஒரு எச்சரிக்கையும் செய்தாராம். "குளிர்ந்த தண்ணீரில் பக்குவமாக அலச வேண்டும். இல்லாவிட்டால் சாயம் ஓடும்" என்றாராம்.

ஜேக்கப்சன் ஊருக்குப் போனார். நியூயார்க்கின் பிரபல ஜவுளிக் கடையான 'புரூக்ஸ் பிரதர்ஸ்' 10 ஆயிரம் கஜம் வாங்கியது. ஆனால் அலசும் பக்குவத்தை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்!

அப்புறம் என்ன? சட்டையும் கால்சட்டையும் அமோகமாக விற்றன. வாங்கியவர்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தில் போட்டார்கள். சிவப்பு நீலத்தில் ஓடியது. நீலம் மஞ்சளில் ஓடியது. கூடத் துவைத்த வெள்ளைத் துணியும் பாழ். புகார்கள் குவிந்தன. வக்கீல் நோட்டீசு வரைக்கும் போயிற்று.

இந்த இடத்தில்தான் சாமர்த்தியம் வேலை செய்தது. 'செவன்டீன்' என்ற பத்திரிகையில் இந்தத் துணியைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை வந்தது. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் புது நிறம் காட்டும் இந்தியாவின் அதிசயத் துணி என்று எழுதினார்கள். 'சாயம் ஓடும், உத்தரவாதம்!' என்றே விளம்பரமும் செய்தார்கள்.

குற்றம் என்று சொன்னவர்களே கடைக்கு ஓடினார்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' என்று பெயர் வைத்தார்கள். இரத்தம் கசியும் மெட்ராஸ் என்று அர்த்தம். பெயர் கொஞ்சம் பயங்கரம்தான்!

பாட்டும் பட்டையும்

அது பாட்டுக் காலமும்கூட. 1964 பிப்ரவரியில் 'பீட்டில்ஸ்' என்ற நான்கு இங்கிலாந்து வாலிபர்கள் அமெரிக்காவில் போய் இறங்கினார்கள். டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் அவர்கள் பாட்டு அலறியது. அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன், 1966-ல் பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்றார். காதுக்குச் சிதார், உடம்புக்கு மெட்ராஸ் கட்டம் என்று இரண்டு வழியிலும் அந்தப் பத்தாண்டில் இந்தியா அங்கே நுழைந்தது.

ரவிசங்கரின் பெயர் உலகமெல்லாம் தெரிந்தது. சட்டையின் கழுத்துப் பட்டையில் கடைக்காரர் பெயர் இருந்தது. பாவு ஓட்டியவர், சாயம் தோய்த்தவர், குழித்தறியில் உட்கார்ந்து கால் மிதித்தவர் பெயர் எதிலும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. இங்கே கட்டம் உழைப்பாளி உடை. அங்கேயோ அது சீமான் வீட்டுப் பிள்ளைக்கு அடையாளம்! எஸ். இ. ஹின்டன் என்ற இளம்பெண் 1967-ல் வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்' நாவலில் இரண்டு கோஷ்டிகள் மோதிக் கொள்கின்றன. ஒன்று ஏழைக் கோஷ்டி. மற்றது பணக்காரக் கோஷ்டி. பணக்காரக் கோஷ்டி போடுவது மெட்ராஸ் சட்டை! 1983-ல் அது சினிமாவாகவும் வந்தது.

ஏக்கம்

அன்றைய வாலிபர்கள் இன்று தாத்தாக்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' என்றால் அவர்களுக்குக் கல்லூரி நாள் நினைவு வருகிறது. அந்தக் காலத்துச் சட்டையைப் பழந்துணிக் கடைகளில் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். புதுச் சட்டை கிடைக்காமல் இல்லை. ஆனால் இன்றைய சாயம் கெட்டிச் சாயம். ஓடாது. அதனால், ஆரம்பத்திலேயே வெளுத்த மாதிரி நிறம் கொடுத்து விற்கிறார்கள்!

1996-ல் மெட்ராஸ் சென்னை ஆகிவிட்டது. துணி மட்டும் இன்னும் மெட்ராஸ்தான்.

பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை மண்மேடாகக் கிடக்கிறது. டச்சுக்காரரின் கல்லறைகள் மட்டும் சித்திர வேலைப்பாட்டோடு நிற்கின்றன. ஏரிக்கரைக்காரர் இடுப்பில் கட்டும் கைலி, ஈரோடு, குறிஞ்சிப்பாடி என்று வெளியூர்த் தறிகளிலிருந்து மூட்டையாக வந்து இறங்குகிறது.

கடையில் கைலியைப் பிரித்துப் பார்க்கிறவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்:

"சாயம் போகுமா?"

"போகவே போகாதுண்ணே!" என்கிறார் கடைக்காரர்.