மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதை 1740-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அடிமைமுறை ஒழிந்த பிறகு, படிக்கத் தெரிந்தால்தான் ஓட்டு என்று அதே மாநிலம் விதி போட்டது. கல்வியைப் பறித்தவர்களே கல்வியைத் தகுதியாக்கிய இந்த அநியாயத்துக்குப் பதிலடியாக, 1957 ஜனவரியில் அம்மாநிலத்தின் ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவு மளிகைக் கடையின் பின்னறையில் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காக வேலையிழந்த ஆசிரியை செப்டிமா கிளார்க் அதன் வழிகாட்டி. பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன், அழகுநிலையத் தொழில் செய்தவர். என்ன படிக்க வேண்டும் என்று அவர் பெரியவர்களான தம் மாணவர்களையே கேட்டார். கையெழுத்துப் போட, பைபிள் வாசிக்க, மணியார்டர் படிவம் நிரப்ப என்றார்கள். அட்டையில் எழுதிக் கொடுத்த தங்கள் பெயரின் மேலேயே, அவர்கள் திரும்பத் திரும்ப எழுதிப் பழகினார்கள்.

வாக்காளருக்குப் படிப்பறிவு வேண்டும் என்பதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். ஆனால் அதற்கான தேர்வு நேர்மையாக நடக்கவில்லை. இன்னொரு தென் மாநிலமான மிசிசிப்பியில், மாநில அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவையும் விளக்கச் சொல்ல அதிகாரிக்கு உரிமை இருந்தது. விடை சரியா என்று தீர்மானிப்பவரும் அவரே. நன்கு படித்த கறுப்பினத்தவரும் அங்கே தோற்கடிக்கப்பட்டார்கள். அப்படியானால் படித்து என்ன பயன்? நியாயமான கேள்விதான், எழுத்தறிவு மட்டும் நீதி தந்துவிடாது. ஆனால் குடியுரிமைப் பள்ளியின் வகுப்புகள் எழுத்தோடு, அரசு எப்படி நடக்கிறது, உரிமையை எங்கே போய்க் கேட்பது என்பதையும் சொல்லித்தந்தன. 1961-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு அவற்றை ஏற்று, தென் மாநிலங்கள் எங்கும் பரப்பியது. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அங்கே வாக்காளருக்கான எழுத்தறிவுத் தேர்வுகளை நிறுத்திவைத்தது. 1975-இல் நாடு முழுவதும் அவை நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டன.