வெப்சைட்: வாடகை வீடா, சொந்த வீடா?

சேலையூரில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறீர்கள். ஆர்டர் எடுக்க ஒரு வெப்சைட் வேணும். 'மாசம் 1,000 ரூபாய், ரெண்டே நாள்ல ரெடி' என்கிறார் ஒருவர். '25,000 ஆகும்' என்கிறார் இன்னொருவர். எது லாபம்?

ஐந்து வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்க. மாதம் 1,000 என்றால் மொத்தம் 60,000. இரண்டாமவரிடம் 25,000, ஹோஸ்டிங், டொமைன், பராமரிப்புக்கு வருடம் 8,000 என வைத்தால் 65,000. அட, கிட்டத்தட்ட ஒண்ணுதான்!

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கு. விக்ஸ், ஷாப்பிஃபை, நம்ம கூடுவாஞ்சேரி பக்கமுள்ள ஸோகோவின் சேவை எல்லாம் வாடகை வீடு மாதிரி. குழாய் ஒழுகினால் ஓனர் பார்த்துக்குவார். அப்டேட், பாதுகாப்பு அவங்க பொறுப்பு. ஆனால், விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறிடம் கொண்டுபோக முடியாது.

2003-ல் வந்த வேர்ட்பிரஸ் சொந்த வீடு. மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங் நிறுவனம் பிடிக்கலைன்னா மாறலாம். ஆனால், ஒழுகினால் நீங்கதான் பார்க்கணும். அப்டேட் செய்யாத ப்ளகின் வழியாக ஹேக்கர் நுழைந்தால், கிறிஸ்துமஸ் ஆர்டர் நேரத்தில் கடை மூடிக்கிடக்கும்.

தொழில் ஆறு மாசம் ஓடுமான்னு தெரியலையா? வாடகை போதும். வாடிக்கையாளர்கள் நிலைத்துவிட்டார்களா? சொந்தமாகக் கட்டலாம்.

எதுவானாலும், டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐடியில் பதிவாகட்டும். டிசைனர் பெயரில் இருந்து, அவரோடு மனஸ்தாபம் வந்தால் கடையின் போர்டே போச்சு. முதல் வருட ஆஃபரில் மயங்காமல், ரெனியூவல் எவ்வளவுன்னு கேளுங்க!