மேகம்தான் புதர், புதர்தான் மேகம்!

மரியோ ஓடுகிற தரையில் பச்சையாக ஒரு புதர் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அப்படியே மேலே மிதக்கும் வெள்ளை மேகத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே படம்! வெள்ளை நிறம் கொடுத்தால் மேகம், பச்சை நிறம் கொடுத்தால் புதர். தொண்ணூறுகளில் டிவியோடு வீடியோ கேம் பெட்டியை இணைத்து, கேசட்டை ஊதி ஊதிச் செருகி விளையாடிய நம்மூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்? எனக்குத் தெரிந்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்கிறேன்.

1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' கேம் மொத்தமே 40 கிலோபைட். அதில் 32 கிலோபைட் நிரலுக்கும் இசைக்கும் தளங்களுக்கும். மிச்சம் 8தான் படங்களுக்கு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் வந்து விழுகிற காலை வணக்கப் படம்கூடப் பெரும்பாலும் இதைவிடப் பெரிது. அந்த இத்தனூண்டு இடத்தில் எட்டு உலகம், 32 தளம், ஆமை, மீன், நெருப்புக் கக்கும் பவுசர்! எப்படி அடைத்தார்கள் என்று உள்ளே எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

கும்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தளத்தில் முதல் ஆளாக எதிரே வருகிற பழுப்புக் குட்டிப் பயல். நம் கண்ணில் முதலில் படுகிற அவன்தான் எதிரிகளில் கடைசியாகச் சேர்ந்தவன். புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஆமையைச் சமாளிப்பது கஷ்டமாக இருந்ததால், ஒரே மிதியில் நசுங்கிப்போகிற ஒருவன் தேவைப்பட்டான். அதற்குள் இடமோ தீர்ந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு படத்தை வரைந்து, அதையே இடவலமாகப் புரட்டிப் புரட்டிக் காட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், பயல் காலை மாற்றி மாற்றி நடக்க ஆரம்பித்துவிட்டான்!

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். மரியோ குழாய்க்குள் இறங்குகிற சத்தமும், அடிபட்டுச் சிறுத்துப்போகிற சத்தமும் ஒன்றுதான். தண்ணீரில் நீந்துகிற சத்தம்தான் எதிரியை மிதிக்கும்போதும் கேட்கிறது. கோஜி கோண்டோவின் அந்த அமர்க்களமான இசை நான்கே குரல்களில் ஓடுகிறது. நாணயம் எடுக்கும்போது அதில் ஒரு குரல் சட்டென்று ஒதுங்கி 'டிங்'குக்கு வழிவிட்டு, உடனே பாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. நமக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

எனக்கு மிகப் பிடித்த ரகசியம் திரையின் மேல்வரிசையில் இருக்கிறது. உலகம் முழுக்க இடப்பக்கம் நகரும்போதும் மதிப்பெண், நேரம் எல்லாம் மேலே அசையாமல் நிற்கின்றன அல்லவா? அங்கே இருக்கும் குட்டி நாணயத்தின் அடியில் துளியூண்டு படம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கேம் பெட்டிக்குள் இருக்கும் சிப் திரையை மேலிருந்து வரிவரியாக வரைந்துகொண்டு வரும். அந்தத் துளியைத் தொட்டதும், 'இதற்குக் கீழே இருப்பதை நகர்த்து' என்று நிரலுக்குப் புரிந்துவிடும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடந்துகொண்டே இருக்கிறது!

சரி, இதெல்லாம் சிக்கனத்தின் சாமர்த்தியம். இந்த கேமை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் கட்டம் போட்ட தாளில் வரைந்த முதல் தளம் இதையெல்லாம் தாண்டியது. அதன் முதல் சில விநாடிகளை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். மரியோ இடப்பக்க ஓரத்தில் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கும்பா முறைத்துக்கொண்டு வருகிறான், தாண்டுகிறோம். கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் எழும்பி, வலப்பக்கம் ஓடி, கீழே விழுந்து, குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. ஐயோ, இதுவும் எதிரியா? பயந்து குதிக்கிறோம். மேலே செங்கல் வரிசை தலையில் இடிக்கிறது, காளான் மேலேயே விழுகிறோம். மரியோ பெரியவனாகிவிடுகிறான்! காளான் நல்லது என்று எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்படி அமைத்ததாக மியாமோட்டோவே விளக்கியிருக்கிறார்.

இன்றைக்குச் சில கேம்கள் 100 ஜிபியைத் தாண்டிவிட்டன. அவற்றில் பலவும் ஆரம்பத்திலேயே நம்மை நிறுத்திவைத்து, 'இந்தப் பட்டனை அழுத்து, அந்தப் பட்டனை அழுத்து' என்று பாடம் நடத்துகின்றன. காட்சி அழகில் அவை எங்கோ போய்விட்டன, மறுக்கவில்லை. ஆனால் ஆடத் தெரியாதவரை ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டக்காரராக்குவதில் மரியோவின் அந்த முதல் தளத்தை மிஞ்சிய ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதுவரை மரியோ ஆடாத குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். தயவுசெய்து எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.