புஷ்ஷைத் தூக்கி எறியும் முன்

பெருமாள்மலையில் ஒரு காபி பல்பரின் தண்டு தேய்ந்துபோனால், அதைக் கடைந்து சரிசெய்ய ஒரு சிறிய லேத் போதும். அது பக்கத்தில் இல்லையென்றால் வத்தலக்குண்டுக்கோ பழனிக்கோ மலைப்பாதையில் இறங்கியாக வேண்டும். அதனால் மலையில் இருக்கும் பழைய லேத்தைக் காப்பாற்றுவது பெரிய காரியம். அதன் உயிர்நிலை ஸ்பிண்டில். சக்கைச் சுழற்றும் அந்தத் தண்டு துளி ஆடினாலும் கடைசலில் அலையலையாகக் கோடு விழும், உருண்டை கோணிவிடும். உடனே பலரும் சொல்லும் வழி, தண்டு உட்கார்ந்து சுழலும் கன்மெட்டல் புஷ்ஷைக் கழற்றிவிட்டு ரோலர் பேரிங் போடுவது. அது அவசர முடிவு என்பது என் கருத்து.

நல்ல நிலையில் உள்ள புஷ்ஷில் ஓடும் தண்டு உலோகத்தைத் தொடுவதே இல்லை. 1883-இல் பீச்சம்ப் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்தபோது, எண்ணெய் விடுவதற்காக மேலே ஒரு துளை போட்டார். எண்ணெய் அதன் வழியே பொங்கி வெளியே வந்தது. அடைத்த மரக்கட்டையையும் தள்ளியது. சுழலும் தண்டே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து அழுத்தமேற்றி, அதன்மேல் மிதக்கிறது. மூன்றாண்டு கழித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். மிக நுட்பமான கிரைண்டிங் எந்திரங்களில் இன்றும் இந்த வகை பேரிங் உண்டு. ஆக, புஷ் என்பது பழசு என்பதாலேயே மட்டமாகிவிடாது. எண்ணெய்க் கிண்ணம் வற்றுவதும், தூசியும், மிஞ்சிய இடைவெளியும்தான் அதைக் கெடுக்கின்றன.

எனவே முதல் வேலை அளப்பது. டயல் கேஜை, ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கில் நிறுத்தி, முள்ளை ஸ்பிண்டில் மேல் வைத்து, சக்கில் பிடித்த தடியை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். சிறிய லேத்தில் 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தாலே அதிகம். பிளவுள்ள புஷ் என்றால் இறுக்கியே குறைக்கலாம். மார்க்கிங் புளூ தடவி, படும் மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்ட வேண்டும். பிறகு ஓடவிட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் கூடிவிட்டது. மலைக் குளிரில் எண்ணெய் கெட்டிப்படும். ஆகவே மெல்லிய ஸ்பிண்டில் ஆயிலும், காலையில் சற்று மெதுவான ஓட்டமும் தேவை.

சுரண்டத் தெரிந்த கை எங்கே, ரோலர் பேரிங் கடையில் கிடைக்கிறதே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பேரிங்கின் வெளிவளையம் மெல்லியது, உட்காரும் குழியின் வடிவத்தை அப்படியே ஏற்கும். அதற்காக ஹெட்ஸ்டாக்கைக் குடையும்போது இரு குழிகளும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். குடைந்தெடுத்த வார்ப்பிரும்பு திரும்பி வராது. புஷ்ஷோ கெட்டால் மறுபடி கடைந்து போடலாம். பழனி வழியே இறங்கினால் கோவை, பி.எஸ்.ஜி. லேத்கள் பிறந்த ஊர், கன்மெட்டல் வார்ப்பும் கடைசலும் கைவந்த ஊர். கார்பைடு டூலோடு நாள் முழுக்க அதிவேகத்தில் ஓட்டுபவருக்கு டேப்பர் ரோலர் பேரிங்தான் சரி. அப்போதும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஓட்டிச் சூடு பார்த்தே நிறுத்த வேண்டும்.