ஜீப் உயர்ந்தது, நடுக்கம் வந்தது!

அமெரிக்காவில், உடா மாநிலத்தில், மோவாப் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. சுற்றிலும் சிவப்புப் பாறைகள். அந்தப் பாறைகள் மீது ஜீப் ஓட்டி ஏறுவது அங்கே பெரிய விளையாட்டு. அதற்கென்றே ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி ஜீப்புகள் அங்கு வந்து கூடுகின்றன. 1967-ம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது.

பாறை மீது ஏறும் வண்டிக்கு வயிறு உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் தட்டும். ஆகவே ஸ்பிரிங்குகளை மாற்றி, வண்டியை 3 அங்குலம், 4 அங்குலம் உயர்த்துகிறார்கள். பெரிய டயர்களையும் மாட்டிவிடுகிறார்கள்.

வண்டி கம்பீரமாக நிற்கிறது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். குடும்பத்தோடு பிரயாணம் புறப்படுகிறது.

ஊருக்குள் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலைக்கு வந்து வேகம் கூடியதும், "உர்ர்ர்" என்று ஒரு சத்தம். தரை நடுங்குகிறது. ஆசனம் நடுங்குகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில், பின்னால் வரும் கார் இரண்டாகத் தெரிகிறது!

"டயரில் கோளாறு" என்கிறார் ஒருவர். டயர்களைச் சமன் செய்கிறார்கள். நடுக்கம் போகவில்லை. புது டயர் வாங்கினாலும் போகாது. ஏன்?

கோளாறு டயரில் இல்லை. வண்டியின் அடியில் சுழலும் ஓர் இரும்புக் குழாயில் இருக்கிறது.

கூட்டல் குறி

என்ஜினின் சக்தி கியர் பாக்சுக்கு வருகிறது. அங்கிருந்து, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒரு பெட்டிக்கு வருகிறது. அதற்கு "டிரான்ஸ்பர் கேஸ்" என்று பெயர். அந்தப் பெட்டியையும் பின் அச்சையும் இணைப்பதுதான் அந்தக் குழாய். அதன் பெயர் "புரொப்பல்லர் ஷாப்ட்."

பெட்டி மேலே இருக்கிறது. அச்சு கீழே இருக்கிறது. பள்ளம் மேடு வந்தால் அச்சு குதிக்கிறது. ஆகவே குழாயின் இரண்டு முனையிலும் வளைந்து கொடுக்கும் இணைப்பு வேண்டும். கூட்டல் குறி போல ஒரு சிறு இரும்புத் துண்டு அந்த வேலையைச் செய்கிறது. லாரிப் பட்டறைகளில் இதைத்தான் "கிராஸ்" என்பார்கள்.

இது பழைய தந்திரம். 16-ம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கணித மேதை கார்டானோவின் பெயரையே இந்த இணைப்புக்கு வைத்திருக்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இதை நன்றாக ஆராய்ந்தார்.

ஆனால் இந்த இணைப்பில் ஒரு கெட்ட குணம் உண்டு!

நொண்டி ஓட்டம்

இணைப்பு நேராக இருந்தால் தொல்லை இல்லை. வளைந்து நின்றால், ஒரு பக்கம் ஒரே சீராகச் சுழன்றாலும் மறு பக்கம் சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும். இரண்டு தடவை பிந்தும். நொண்டிக்கொண்டே ஓடுவது போலத்தான்.

எவ்வளவு முந்தும்? வளைவு 10 டிகிரி என்றால், நூற்றுக்கு ஒன்றரை பங்கு. 20 டிகிரி என்றால் நூற்றுக்கு 6 பங்கு. வளைவு இரண்டு மடங்கானால் தொல்லை நான்கு மடங்கு ஆகிறது! 20 டிகிரி வளைவில், நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்ற வேண்டிய குழாய், 1,880-க்கும் 2,128-க்கும் நடுவில் கிடந்து அல்லாடும்.

அப்படியானால் எல்லா லாரிகளும் நடுங்க வேண்டுமே?

நடுங்குவதில்லை. அண்ணன் கொட்டியதைத் தம்பி துடைப்பது போல, முதல் இணைப்பு செய்த தவறை இரண்டாவது இணைப்பு திருத்திவிடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு முனையிலும் வளைவு ஒரே அளவாக இருக்க வேண்டும்.

ஜீப்பை உயர்த்தும்போது இந்தக் கணக்குதான் கெடுகிறது.

குட்டை வண்டி

இரண்டு அடி நீளமுள்ள கழியின் ஒரு முனையை 4 அங்குலம் தூக்குங்கள். ஏறத்தாழ 10 டிகிரி சாயும். நான்கு அடிக் கழியானால் 5 டிகிரிதான்.

1997 முதல் 2006 வரை வந்த "ராங்லர்" ஜீப்பில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 93.4 அங்குலம்தான். பின் குழாய் மிகக் குட்டை. ஆகவே அது அதிகம் சாய்கிறது. 2004-ல் இதே ஜீப்பை 10 அங்குலம் நீட்டி ஒரு வண்டி விட்டார்கள். அதை உயர்த்தினால் இவ்வளவு தொல்லை இல்லை.

நடுக்கத்தைச் சகித்துக்கொண்டே ஓட்டலாமா? கூடாது. "கிராஸ்" சீக்கிரம் தேய்ந்து உடையும். முன் முனை உடைந்து குழாய் தரையில் குத்தினால், ஓடும் வண்டிக்கு என்ன கதி ஆகும்? அந்த ஜீப்பில் குழாய் முனை, பெட்டிக்குள் சொருகி வழுக்கும்படி அமைந்திருக்கிறது. அது கழன்றால் பெட்டியின் எண்ணெயும் கொட்டிவிடும். பாலைவனத்தில், பிள்ளைகளோடு நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

பரிகாரம்

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் குழாய் 3 அல்லது 4 சுற்று சுற்றிவிடுகிறது. ஆகவே டயர் கோளாறு "தட, தட" என்று மெதுவாக ஆட்டும். குழாய்க் கோளாறு "உர்ர்" என்று வேகமாக அதிரும். வேகமாகப் போகும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். அதிர்வு உடனே மாறினால், குழாயின் கோணத்தைச் சந்தேகிக்கலாம்.

சுலபமான பரிகாரம், டிரான்ஸ்பர் கேசை ஓர் அங்குலம் இறக்குவது. செலவு குறைவு. சாய்வும் குறையும். ஆனால் வண்டியின் வயிறும் அல்லவா இறங்குகிறது? உயரத்துக்காகப் பணம் செலவழித்து, அதில் ஓர் அங்குலத்தைத் திருப்பிக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2 அங்குலம் மட்டும் உயர்த்தியவருக்கு அது போதும்.

4 அங்குலம் உயர்த்தியவர் குழாயையே மாற்ற வேண்டும். வழுக்கும் முனையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அசையாத முனையைப் பொருத்துகிறார்கள். பிறகு, மேல் முனையில் இரண்டு "கிராஸ்" சேர்ந்த புதுக் குழாயை மாட்டுகிறார்கள். மேலே உள்ள இரண்டும் ஒன்றின் தவறை ஒன்று திருத்திக்கொள்ளும். வழுக்கும் பகுதி குழாயிலேயே இருக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய குழாய்க்கு, பெட்டியின் முனையும் அச்சின் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். புதுக் குழாய்க்கு அப்படி அல்ல. அச்சின் முனை, குழாயை நேராக நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஓடும்போது அது கொஞ்சம் மேலே தூக்கும். ஆகவே ஒன்று, இரண்டு டிகிரி தாழ வைப்பார்கள். பழைய குழாயை வைத்துக்கொண்டே அச்சை நிமிர்த்தினால் நடுக்கம் கூடும்! குழாயை மாற்றிவிட்டு அச்சை நிமிர்த்தாவிட்டாலும் நடுக்கம் போகாது.

கோணம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனாரின் தூக்குக்குண்டும், பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டியில் உள்ள கோணமானியும் போதும். வண்டி சமதளத்தில், நான்கு சக்கரங்களும் தரையில் ஊன்றி நிற்கும்போது அளக்க வேண்டும். ஜாக்கி மீது தூக்கி வைத்து அளந்தால் கணக்கு தப்பு.

இன்னொன்று. குழாயின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலும் நடுக்கம் வரும். கழற்றும் முன்பு, சேரும் இடத்தில் குறுக்கே சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.